ஒரே சீட்டு, ஒரே பெருக்கல் குறி

சிங்கப்பூரில் உள்ளாட்சித் தேர்தல் கிடையாது. இதை ஊரிலிருக்கும் என் சித்தப்பா மகனுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "அதெப்படிக்கா, குப்பை அள்ள, லைட்டுப் போட ஆள் வேணாமா? அவங்கள யாரு தேர்ந்தெடுக்கிறது?" என்பான். அதே எம்.பி.தான், அதே ஓட்டுதான் என்றால் நம்பமாட்டான்.

அவனுக்கு நம்புவது கஷ்டம்தான். பட்டுக்கோட்டைப் பக்கம் அவனுடைய கிராமத்தில் உள்ளாட்சித் தேர்தல் வந்தால் கையில் நான்கு சீட்டு கொடுப்பார்கள், நான்கும் வெவ்வேறு நிறம். வார்டு உறுப்பினருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் கட்சிச் சின்னம் உண்டு. மூன்று தலைமுறையாக உதயசூரியனைத் தவிர வேறெதிலும் குத்தாத வீடு அது. அந்த வீட்டு ஆட்களே தலைவர் சீட்டை இரட்டை இலைக்காரர் ஒருவருக்குப் போட்டிருக்கிறார்கள். கேட்டால், "அவருதான் ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் ரிப்பேருன்னாலும் வருவாரு" என்று பதில் வரும். அதற்காக அவர்களை யாரும் கட்சி மாறியவர்கள் என்று சொன்னதில்லை. கட்சிக்கு ஒரு சீட்டு, குழாய்த் தண்ணிக்கு ஒரு சீட்டு, அவ்வளவுதான் கணக்கு.

நமக்குக் கிடைப்பது ஒரே சீட்டு, அதில் ஒரே பெருக்கல் குறி. அதிபர் மாளிகையான இஸ்தானாவில் யார் பிரதமராகப் பதவியேற்பது என்பதையும், என் புளோக்கில் லிஃப்ட் பழுதானால் யாருடைய அலுவலகத்துக்கு போன் போடுவது என்பதையும் அந்த ஒரு குறிதான் தீர்மானிக்கிறது. குழுத்தொகுதியாக இருந்தால் நான்கைந்து பேருக்கும் சேர்த்து அதே குறி. அதில் ஒருவரைப் பிடிக்கும், ஒருவரைப் பிடிக்காது, மற்றவர்களைப் பார்த்ததே இல்லை என்றாலும் மொத்தமாகத்தான் வாங்கவேண்டும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1957 டிசம்பரில் இங்கே நகரசபைத் தேர்தல் நடந்தது. மொத்தம் 32 இடங்கள். மக்கள் செயல் கட்சி (மசெக) 13, லிபரல் சோஷலிஸ்ட் 7, தொழிலாளர் முன்னணி 4, அப்போது பிறந்து சில வாரங்களே ஆன பாட்டாளிக் கட்சி 4, அம்னோ 2, சுயேச்சை 2. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஓங் எங் குவான் மேயரானார். சிங்கப்பூர் வரலாற்றில் தேர்தல் வழியாக வந்த ஒரே மேயர் அவர்தான். 1959இல் சுயாட்சி வந்தபோது நகரசபையின் வேலைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது, சபை போனது. இன்றைக்கும் நமக்கு ஐந்து மேயர்கள் உண்டு. சமூக மேம்பாட்டு மன்றங்களுக்குத் தலைமை தாங்குகிறார்கள், அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் பற்றுச்சீட்டுகளில் அவர்கள் மன்றத்தின் பெயரும் இருக்கும். ஆனால் அவர்களை மேயராக்குவது நியமனம்தான், நம் ஓட்டு அல்ல.

பிறகு 1986இல் அங் மோ கியோவில் சோதனை முறையில் நகர மன்றம் வந்தது, 1988இல் சட்டமானது. அன்றைக்குச் சொல்லப்பட்ட காரணம் கூர்மையானது. உன் எம்.பி.தான் உன் பேட்டையைப் பராமரிப்பார், அதனால் யாரைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று யோசித்துப் போடு. நாட்டை ஆளத் துடிப்பவர் முதலில் பத்து புளோக்கைச் சுத்தமாக வைத்துக் காட்டட்டும். நியாயம்தான். ஆனால் கோபத்தில் எதிர்க்கட்சிக்குக் குத்திவிட்டு, ஆட்சி என்னவோ மாறப்போவதில்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவரின் கையை ஒரு நொடி தயங்கவைக்கவும் அது பயன்படும். இந்த யோசனை ஏன் 1984 தேர்தலுக்குப் பிறகு வேகம் பிடித்தது என்பதற்கு அந்தத் தேர்தலில் இரண்டு எதிர்க்கட்சி எம்.பி.க்கள் வந்ததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் ஜே.பி. ஜெயரத்தினம். எங்கள் வீட்டில் அவர் பெயர் வெறும் "ஜேபிஜே".

அப்பா துறைமுகத் தொழிலாளி. தஞ்சோங் பகார், ஆன்சன் வட்டாரத்தில் அப்போது துறைமுகத்தை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஆன்சன் தொகுதியின் எம்.பி., ஆளுங்கட்சியான மசெகவின் தேவன் நாயர், தொழிற்சங்கத் தலைவர். அப்பாவைப் பொறுத்தவரை அவர் சங்கத்து ஆள், அதாவது நம்ம ஆள். 1980 டிசம்பர் பொதுத்தேர்தலில் தேவன் நாயருக்கு ஆன்சனில் 80 விழுக்காட்டுக்கும் மேல் ஓட்டு விழுந்தது. அடுத்த ஆண்டு அவர் அதிபராகப் போனார், தொகுதி காலியானது. 1981 அக்டோபர் 31 இடைத்தேர்தலில் அதே ஆன்சன் மக்கள் 51.9 விழுக்காடு கொடுத்து ஜேபிஜேயை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வித்தியாசம் 653 ஓட்டு. பல ஆண்டுகளாக எதிர்க்கட்சியின் வாடையே இல்லாமல் இருந்த நாடாளுமன்றத்தில் அவர் ஒரே ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

பத்து மாதத்தில் ஒரு தொகுதி இப்படித் திரும்புமா? பத்து மாதத்தில் கொள்கை மாறாது. மாறியது வீடு. பிளேர் பிளெயினில் துறைமுக ஆணையத்தின் குடியிருப்பில் இருந்த குடும்பங்களைக் கொள்கலன் முனைய வேலைக்காகக் காலிசெய்யச் சொன்னார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கு வரிசையில் முன்னுரிமையும் கிடைக்கவில்லை. அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்தவர்கள் அங்கே இருந்தார்கள். கோபம் அங்கிருந்து கிளம்பி கேன்டீன் மேஜைக்கு வந்து, அங்கிருந்து வீடு வீடாகப் போனது என்று அப்பா சொல்வார். புதிதாக நிறுத்தப்பட்ட மசெக வேட்பாளரை யாருக்கும் தெரியாது. ஜேபிஜேயோ பலமுறை நின்று தோற்றவர், அதனாலேயே எல்லாருக்கும் தெரிந்த முகம்.

"கட்சி மாத்திப் போட்டீங்களாப்பா?" என்று வளர்ந்த பிறகு கேட்டிருக்கிறேன். "நான் எங்க மாத்துனேன்? தேவன் நாயரு அங்கயே நின்னிருந்தா அவருக்குத்தான் போட்டிருப்பேன்" என்றார். அவருடைய கணக்கில் அவர் எங்கேயும் தாவவில்லை. கட்சிக்கோடு என்று நாம் வரைகிற கோடு அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

அந்த ஆன்சனே பிறகு இல்லாமல் போனது. ஜேபிஜே 1984இல் இன்னும் கூடுதல் ஓட்டில் ஜெயித்தார், 1986இல் பதவி இழந்தார், இடைத்தேர்தல் வைக்கவில்லை. 1988இல் தொகுதியே வரைபடத்திலிருந்து மறைந்தது. அதே ஆண்டில்தான் குழுத்தொகுதி முறையும் வந்தது. தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் 1991இலிருந்து 2011 வரை ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் போட்டியின்றி வெற்றி. ஒரு காலத்தில் இடைத்தேர்தலில் நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்த பேட்டைக்காரர்கள், பொதுத்தேர்தலில் ஓட்டுப்போடவே வாய்ப்பில்லாமல் தாத்தா பாட்டி ஆனார்கள். சிங்கப்பூரில் வாக்களிப்பது கட்டாயம் என்று வெளிநாட்டுக்காரர்களிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மக்கள் எப்போது துணிந்து மாற்றிக் குத்துகிறார்கள் என்பதை முதலில் சரியாகப் படித்தவர், 1984இல் ஜேபிஜேயோடு ஜெயித்த இன்னொரு எதிர்க்கட்சி எம்.பி. சியாம் சீ தோங் என்பேன். 1991இல் எதிர்க்கட்சிகள் பாதிக்கும் குறைவான இடங்களில் மட்டும் நின்றன. வேட்புமனுத் தாக்கல் முடிந்தபோதே 81 இடங்களில் 41 மசெக கைக்குப் போய்விட்டது. ஆட்சி உறுதி, இனி உங்கள் பேட்டைக்கு யார் வேண்டுமோ அவரைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் செய்தி. பொதுத்தேர்தலையே இடைத்தேர்தல் ஆக்கிவிட்டார். நான்கு எதிர்க்கட்சி எம்.பி.க்கள் வந்தார்கள். ஹவ்காங்கில் லோ தியா கியாங் நுழைந்தது அந்த ஆண்டுதான், அன்றிலிருந்து அந்தத் தொகுதி பாட்டாளிக் கட்சியை விடவில்லை. நம்மிடம் இல்லாத இரண்டாவது சீட்டை அவர் தந்திரமாக உண்டாக்கிக் கொடுத்தார் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

மசெகவும் சும்மா இருக்கவில்லை. 1997இல் பிரதமர் கோ சோக் தோங் வீடமைப்பு மேம்பாட்டை ஓட்டோடு நேரடியாக முடிச்சுப் போட்டார். 2006இல் எதிர்க்கட்சி வசமிருந்த ஹவ்காங்குக்கும் பொத்தோங் பாசிருக்கும் கோடிக்கணக்கான வெள்ளியில் மேம்பாட்டுத் திட்டம் காட்டப்பட்டது. இரண்டு தொகுதியும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நிற்காத லிஃப்டில் ஏறி இறங்கி, பெயின்ட் மங்கிய சுவரோடு காலம் தள்ளினார்கள். அவர்களை வீரர்கள் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பாராட்டில் முழு உடன்பாடு இல்லை. முட்டிவலிக்காரக் கிழவி ஒருத்தி மாடிப்படி ஏறுவது வீரமாக இருக்கவேண்டிய அவசியம் என்ன வந்தது?

இனி என் பேட்டை. நான் இருப்பது ரிவர்வேல் பக்கம். வீடு மாறவே இல்லை, ஆனால் வாக்காளர் அட்டையில் தொகுதியின் பெயரும், நகர மன்றக் கட்டண ரசீதின் தலைப்பும் மாறிக்கொண்டே இருந்தன. 2011இல் பொங்கோல் ஈஸ்ட் தனித்தொகுதி. மசெகவின் மைக்கேல் பால்மர் 54.5 விழுக்காட்டில் ஜெயித்தார். தனிப்பட்ட விவகாரம் ஒன்றால் அவர் விலக, 2013 ஜனவரியில் இடைத்தேர்தல். பாட்டாளிக் கட்சியின் லீ லி லியன் ஜெயித்தார், அவருக்கும் 54.5 விழுக்காடு! இரண்டு ஆண்டுகூட இல்லை இடைவெளி, கட்சி மட்டும் வேறு. 2015இல் சார்ல்ஸ் சோங் வழியாக மசெகவுக்குத் திரும்பியது, வெறும் 1,159 ஓட்டில். 2020இல் பொங்கோல் ஈஸ்ட் கரைந்து செங்காங் குழுத்தொகுதிக்குள் வந்தது, 52.12 விழுக்காட்டில் பாட்டாளிக் கட்சி. 2025 மே மாதம் அது 56 விழுக்காட்டைத் தாண்டியது.

காப்பிக்கடையில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எங்களைப் பச்சோந்தி என்பார்கள். நான் 2011இல் மசெகவின் வெள்ளைச் சட்டைக்குப் போட்டேன், 2013இல் பாட்டாளிக் கட்சியின் சுத்தியலுக்குப் போட்டேன். 2013இல் எனக்கு இருந்த காரணம் அரசியல் தத்துவம் ஒன்றும் இல்லை. ரிவர்வேல் பிளாசாவின் புதுப்பிப்பு வேலை முடியாமல் இழுத்துக்கொண்டே போனது, ஷட்டர் இறங்கிய கடைகளைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் எரிச்சல். ரயிலில் ஏற முடியாத கூட்டம், குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் இடமில்லை. இடைத்தேர்தல் என்பதால் ஆட்சி கவிழும் பயமும் இல்லை. பிளேர் பிளெயினுக்கும் ரிவர்வேல் பிளாசாவுக்கும் நடுவில் முப்பது ஆண்டு. காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த இடைத்தேர்தலில் நான்கு வேட்பாளர்கள். அவர்களில் ஒருவர் ஜேபிஜேயின் மகன் கென்னத் ஜெயரத்தினம். அம்மாவுக்கு ஒரே பரபரப்பு, ஜேபிஜே மகனே நம்ம வீட்டு வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வரப்போகிறான் என்று. கடைசியில் அவருக்குக் கிடைத்தது 1.2 விழுக்காடு, வைப்புத்தொகை போனது. "நீயாவது போட்டியாம்மா?" என்றேன். "ஏண்டி, அப்பனுக்காகப் புள்ளைக்குப் போடணுமா? அந்தப் பொண்ணுதான் போன தடவ தோத்தும் இங்கயே சுத்திக்கிட்டிருந்துச்சு" என்றாள். லீ லி லியனைத்தான் சொன்னாள். 'நம்ம பிள்ளை' என்று யார் வந்தாலும் உருகிப்போகிற அம்மாவே அப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியம்.

இந்த 'நம்ம பிள்ளை' விஷயத்தைத் தமிழர்கள் நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. எந்தக் கட்சியானாலும் பட்டியலில் தமிழ்ப் பெயர் இருந்தால் கண் முதலில் அங்கேதான் போகும். குழுத்தொகுதியில் ஒருவராவது சிறுபான்மையினராக இருக்கவேண்டும் என்பது சட்டம், ஆகவே இரண்டு பக்கமும் நம்ம பிள்ளை நிற்கிற இடங்களும் உண்டு. அங்கே இனப்பாசம் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், பிறகு வேலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும். ஒரு வகையில் நல்லதுதான். சீனர்கள் பெரும்பான்மையாக உள்ள ஆன்சன் 1981இல் இலங்கைத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த ஜேபிஜேயைத் தேர்ந்தெடுத்தது. 2016 புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தலில் டாக்டர் சீ சூன் ஜுவானை எதிர்த்து நின்ற முரளி பிள்ளைக்கு 61 விழுக்காடு கிடைத்தது. முன்னது எதிர்க்கட்சி, பின்னது ஆளுங்கட்சி. அந்த மக்கள் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வாக்குச்சீட்டில் வரிசை எண் இருக்கும். அதை வைத்து யார் யாருக்குப் போட்டார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை எங்கள் பெரியவர்களிடம் கல்லில் எழுதியது மாதிரி. அரசாங்க வேலையில் இருந்த என் மாமா ஒருவர் கடைசிவரை எதிர்க்கட்சிக்குக் குத்தியதில்லை. ஆசை இருந்தது, தைரியம் இல்லை. எண் இருப்பது கள்ளச்சீட்டைத் தடுக்கத்தான். எண்ணி முடித்ததும் சீட்டுகளை முத்திரையிட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் பூட்டிவைத்து, பிறகு அழித்துவிடுகிறார்கள். தேர்தல் துறை இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறது. மாமாவிடம் நானும் சொன்னேன். "ஆறு மாசம் போதாதா?" என்றார்.

இளையவர்களிடம் அந்தப் பயம் இல்லை. இருப்பது வேறொரு குழப்பம். எதிர்க்கட்சி ஜெயித்த தொகுதியிலும் மக்கள் கழகத்தின் அடித்தள ஆலோசகராக இருப்பவர் மசெகவைச் சேர்ந்தவர்தான், பெரும்பாலும் அங்கே தோற்றவரே. சமூக மன்றத்து நிகழ்ச்சியில் தீபாவளி விளக்கேற்றுகிறவர் அவர். எம்.பி.யோ புளோக்குக்குக் கீழே மேஜை போட்டு மக்கள் சந்திப்பு நடத்துவார். என் மகளின் தோழி ஒருத்தி ரொம்ப நாளாக அந்த ஆலோசகரைத்தான் எம்.பி. என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் குறைசொல்ல முடியாது. உள்ளூர் வேலைக்கு ஒரு ஆள், உள்ளூர் விழாவுக்கு ஒரு ஆள் என்று பிரித்தது அவள் இல்லையே.

ஒரே ஒரு தேர்தலில்தான் நமக்குத் தனிச்சீட்டு கிடைக்கிறது, அதிபர் தேர்தல். 2020 பொதுத்தேர்தலில் மசெக வாங்கியது 61 விழுக்காடு. 2023 செப்டம்பரில் தர்மன் சண்முகரத்னம் வாங்கியது 70.4. அவர் மசெகவில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்து, தேர்தலுக்காக விலகியவர். அப்படியானால் எதிர்க்கட்சிக்காரர்கள் எத்தனை பேர் அவருக்குப் போட்டிருக்கவேண்டும்! எங்கள் புளோக்கில் சுத்தியல் சின்னத்துக்காகத் துண்டறிக்கை கொடுத்த ஒருவர் தர்மனுக்காகவும் வீட்டில் எல்லாரையும் அழைத்துப் போனார். "இது வேற சீட்டு" என்றார் என்னிடம். ஊரில் என் சித்தப்பா மகன் பேசுகிற அதே பேச்சு.

இதனால்தான் எனக்கு ஒரு ஆசை. நகர மன்றத்துக்குத் தனிச்சீட்டு வேண்டும். நாடாளுமன்றத்துக்கு ஒன்று, பேட்டைக்கு ஒன்று. என் கணவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. "ரெண்டு சீட்டு குடுத்தா எல்லாரும் ஆட்சிக்கு வெள்ளை, பேட்டைக்குச் சுத்தியல்னு போட்டுட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நாடாளுமன்றத்துல பேச ஒருத்தன் இருக்கமாட்டான்" என்கிறார். நான் நேர்மாறாக நினைக்கிறேன். லிஃப்டும் கூரையும் நல்ல கையில் இருக்கிறது என்று தெரிந்தால், எதிர்க்கட்சியை நாடாளுமன்றத்துக்கு அனுப்ப இன்னும் பலர் துணிவார்கள். 2025இல் தெம்பனிஸ் குழுத்தொகுதியில் மசெகவுக்கு 52, பாட்டாளிக் கட்சிக்கு 47 விழுக்காடு. அங்கே கடைசி நேரத்தில் நகர மன்றத்தை நினைத்துக் கை மாறியவர்கள் எத்தனை பேரோ என்பேன். மசெக அணியில் இருந்த அமைச்சரை இழக்கவேண்டாம் என்று நினைத்தவர்கள்தான் அதிகம் என்பார் அவர். இருவரிடமும் ஆதாரம் கிடையாது, அதனால் சண்டை ஓய்வதும் இல்லை.

ஆனால் அடுத்த தேர்தலுக்கு முன் தொகுதி எல்லை மறுஆய்வுக் குழு மறுபடியும் உட்காரும் என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எங்கள் புளோக் எந்தப் பெயருக்குள் போகும், கட்டண ரசீதில் எந்த நகர மன்றம் அச்சாகும் என்று பந்தயம் கட்டியிருக்கிறோம். அம்மா பொங்கோல் என்கிறாள், நான் செங்காங்கிலேயே இருக்கும் என்கிறேன். தோற்பவர் எல்லாருக்கும் ரிவர்வேல் பிளாசாவில் சாப்பாடு வாங்கித் தரவேண்டும்.